நாரைக் காலுக்கு ஒரு தூளி

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், மந்திரவாதிகளும் நம்மைப் போல வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நடந்து திரிந்த காலத்தில், ஏழேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஏழு ஏரி இருந்ததா என்று கேட்காதீர்கள், நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய ஏரி இருந்தது, அது நிச்சயம். நம் கதைக்கு அது போதும்.

அந்த நாட்டில் பங்குனி பிறந்தால் பிள்ளைக் கொடை என்று ஒரு திருவிழா வரும். மூன்று நாள் விழா. மற்றப் பண்டிகைகளில் பெரியவர்கள் கொடுப்பார்கள், பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். இது தலைகீழ். பிள்ளைகள்தான் கொடுக்க வேண்டும். அதுவும் கடையில் வாங்கினது ஆகாது, தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, சித்திக்கு, கூட விளையாடுகிற தோழிக்கு, எதிர்வீட்டு மாமாவுக்கு என்று களிமண்ணில் ஒரு மாடு, ஓலையில் ஒரு காற்றாடி, சோளத்தட்டையில் ஒரு வண்டி, இப்படி எதையாவது செய்து நீட்டுவார்கள்.

விழாவின் முதல் நாள் ஓணான் மலையிலிருந்து சுருட்டைத்தாடி மந்திரவாதி இறங்கி வருவார். தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகள் செய்ததை எல்லாம் பார்ப்பார். ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கி, ஏரிக்கரையில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றுவார்.

"மண்ணே எழும்பு, மரமே எழும்பு,
பிள்ளை கைச்சரக்கே பறந்து கிளம்பு!"

அவ்வளவுதான். உள்ளங்கை அளவு களிமண் மாடு ஊதிப் பெருத்து, அவரைச் சுமந்துகொண்டு வானத்தில் ஏறும். மூன்று கால் மாடாக இருந்தால் நொண்டிக்கொண்டே ஏறும். ஊரே கைகொட்டும். அந்த மந்திரம் பிள்ளைகள் செய்த பொருளுக்கு மட்டும்தான் பலிக்கும். ராஜா ஒருமுறை தன்னுடைய தங்கக் குதிரைப் பொம்மையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அது வாலைக்கூட ஆட்டவில்லை.

ஆனால் கொஞ்ச வருஷமாக ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் செய்கிற பொருள்கள் வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே வந்தன. பறக்கிற உயரமோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. முன்பு மேகத்துக்கு மேலே போனவர், அப்புறம் பனைமர உயரத்தில் போனார், அப்புறம் வேலி முள் வேட்டியைக் கிழிக்கிற உயரத்தில் போனார். ஏன் என்று மந்திரவாதிக்கே புரியவில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டதா? புரிந்திருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஊரில் வேம்பன் என்று ஒரு தச்சன் இருந்தான். அவன் பெண்டாட்டி மருதாயி. மூத்தவள் கொன்றை, நடுவிலுள்ளவன் பூவரசன், கடைக்குட்டி தும்பை. அந்த வீட்டில் பெயருக்கெல்லாம் மரம் செடிதான், வேறு யோசனையே கிடையாது. வேம்பன் கெட்டிக்கார வேலைக்காரன். அரண்மனைக் கதவெல்லாம் அவன் இழைத்தது. ஆனால் அவனுக்கு ஒரு வியாதி. கோணலாக எதைக் கண்டாலும் கை ஊறும். சுவரில் மாட்டிய முறம் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நேராக்குவான். விருந்துக்குப் போன வீட்டில் வாழையிலையை நேராக்குவான். பிள்ளைகள் செய்த பொருளைக் கண்டால் கேட்கவே வேண்டாம். "கொஞ்சம் நேர் பண்ணினேன், அவ்வளவுதான்" என்பான்.

அவன் மட்டுமா? ஏழேரி நாட்டில் பெற்றவர்கள் எல்லாரும் அந்த ரகம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்தது எடுப்பாக இருந்து தன் பிள்ளை செய்தது சப்பையாக இருந்தால் மானம் போய்விடுமாம். மருதாயி மட்டும், பிள்ளைகள் செய்தது செய்தபடியே இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்ப்பாள். யார் கேட்டார்கள்?

அந்த வருஷம் மூத்தவள் கொன்றை ஒரு மரக்கட்டையில் ஒன்றைச் செதுக்கினாள். குதிரையா, முயலா, முறமா என்று சொல்ல முடியாத ஒன்று. அவள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வேம்பன் அதைக் கொஞ்சம் நேர் பண்ணினான். காது ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது, அதைச் செதுக்கினான். காது சரியானதும் கழுத்து மோசமாகத் தெரிந்தது. கழுத்து முடிந்ததும் கால். கொன்றை கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது அரண்மனை லாயத்தில் நிற்கிற மாதிரி ஒரு குதிரை நின்றது. அவளுடைய முயல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தார் மந்திரவாதி. அந்தக் குதிரையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஏரிக்கரையில் வைத்தார், மூன்று சுற்றுச் சுற்றினார், மந்திரம் சொன்னார். குதிரை ஊதிப் பெருத்தது, ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பியது, ஊரே வாயைப் பிளந்தது. எழும்பின வேகத்தில் அந்தரத்தில் பழையபடி மரக்கட்டையாகிவிட்டது. மந்திரவாதி தலைகுப்புறச் சேற்றில் விழுந்தார். மூக்கில் ரத்தம். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஏரிப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

அவர் எழுந்து, மூக்கைப் பிடித்தபடி கொன்றையிடம் வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். பிள்ளைக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அப்பா முகத்தைப் பார்த்தாள். வேம்பன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஊருக்கு முன்னால் சொல்ல வெட்கம். திருதிருவென்று நின்றான். பிள்ளை நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் மருதாயிதான் முன்னே வந்தாள்.

"என் மகதான் சாமி செஞ்சா" என்றாள்.

பிள்ளை செய்ததென்றால் விழுமா, இது பொய் என்று மந்திரவாதிக்குத் தெரிந்துவிட்டது; கைத்தடியால் அவள் தோளைத் தொட்டார். மருதாயி நின்ற இடத்தில் ஒரு நாரை நின்றது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிப் போய் மற்ற நாரைகளோடு சேர்ந்துகொண்டது.

வேம்பன் அவர் காலில் விழுந்து அழுதான். நான்தான் செய்தேன், என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள் என்றான். உண்மை கொஞ்சம் தாமதமாக வந்தது, என்ன செய்ய. மந்திரவாதி அவனைக் குனிந்து பார்த்தார்.

"விழா முடியுற அன்னிக்குப் பொழுது சாயும்போது இந்த நாரையெல்லாம் வடக்கே கிளம்பிடும். அவளும் போயிடுவா, திரும்ப மாட்டா. அதுக்குள்ள உன் பிள்ளைங்க தானா நெனச்சு, தானா செஞ்ச ஒரு பொருளை அவ ஏத்துக்கிட்டா மனுஷியா வருவா. உன் கைவண்ணம் ஒரு எள்ளளவு அதுல இருந்தாலும் தொடமாட்டா" என்று சொல்லிவிட்டு, மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்கு நடந்தே போனார்.

இவ்வளவுதானா, இது என்ன பெரிய காரியம் என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போயிற்று. சொல்வது சுலபம்.

கொன்றை உடனே உட்கார்ந்து பனையோலையில் ஒரு கொட்டான் முடைந்தாள். அம்மாவுக்கு மீன் வாங்கப் போக ஆகும் என்று. வேம்பன் தூரமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டான் முடிந்தது. ஏரிக்கு எடுத்துப் போகும் வழியில் ஒரு ஓலை நுனி விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கை ஊறியது. விரல் நகத்தால் டக்கென்று கிள்ளிவிட்டான். அவன் கிள்ளினது அவனுக்கே தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன். நாரை ஆசையாக வந்தது, கழுத்தை நீட்டிக் கொட்டானைப் பார்த்தது. அந்தக் கிள்ளின இடத்தை அலகால் தொட்டது. திரும்பிப் போய்விட்டது.

கொன்றை அப்பாவின் நகத்தில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கைப் பார்த்தாள். வேம்பனுக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் பூவரசன் முறை. அவன் கொழுக்கட்டை பிடிக்கப் போவதாகச் சொன்னான். அம்மாவுக்குத் தேங்காய்ப் பூரணம் என்றால் உயிர். இந்தத் தடவை வேம்பன் சும்மா விடவில்லை, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தன் கைகளைப் பின்னால் சேர்த்துத் தூணோடு கட்டச் சொன்னான். கை கட்டியாயிற்று. வாயை யார் கட்டினார்கள்? மாவில் தண்ணீர் தெளி என்றான். போதும் என்றான். ஓரத்தை அழுத்து, அப்படி இல்லை, இந்தப் பக்கம், பூரணம் பிதுங்குது பார் என்றான். பூவரசன் பாவம், அப்பா சொல்லச் சொல்ல அழுத்தினான், மடித்தான், திருப்பினான். கொழுக்கட்டைகள் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. நாரை வந்தது, முகர்ந்தது, கண்ணீர் மாதிரி ஏதோ அதன் கண்ணில் தெரிந்தது. தொடாமல் போய்விட்டது.

கை படாவிட்டால் வாய் படுகிறது. மிச்சம் இருப்பது ஒரு நாள், ஒரு பிள்ளை. தும்பைக்கு வயது ஐந்துகூட நிரம்பவில்லை. முடிச்சுப் போட இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் காலையில் வேம்பன் ஒரு முடிவுக்கு வந்தான். அம்மாவுக்கு ஏதாவது செய்யடி கண்ணு என்று மட்டும் தும்பையிடம் சொல்லிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கையும் வேண்டாம், வாயும் வேண்டாம், ஆளே வேண்டாம். வெயில் ஏறியது. உள்ளே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் விசும்பல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தான். தும்பை தரையில் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய நூல் சிக்கல். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம். மூக்கு ஒழுகியது.

"யாருமே வரலை" என்றாள்.

இப்போது வேம்பன் என்ன செய்வான் சொல்லுங்கள். கிட்டே போனால் காரியம் கெடுகிறது. எட்டிப் போனால் பிள்ளை கெடுகிறது. அவன் மெதுவாக அவள் பக்கத்தில் குந்தினான். நூலை அப்படிச் சுற்றாதே என்று சொல்ல வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போதுதான் அவள் மடியில் கிடந்த பொருளைச் சரியாகப் பார்த்தான். கிழிந்த துணி, இரண்டு பக்கமும் ஒட்டாத கயிறு, நடுவில் ஒரு பள்ளம். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனையோ வருஷமாக எதைப் பார்த்தாலும் அது என்ன, அதில் எது கோணல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறவனுக்கு, இது என்னவென்றே தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

"தும்பை, இது என்னம்மா?"

"தூளி."

"யாருக்கு?"

"அம்மா காலுக்கு."

அவன் விழித்தான். தும்பை மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அம்மா இப்ப ஒத்தக் கால்ல நிக்கறாங்கல்ல. தூக்கி வெச்ச காலு வலிக்காதா? நான் நின்னு பார்த்தேன், வலிச்சுது. கழுத்துல ஒரு தூளி மாட்டிக்கிட்டா அதுல காலைப் போட்டுக்கலாம்."

வேம்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டானும் கொழுக்கட்டையும் வீட்டில் இருந்த மருதாயிக்கு. ஏரியில் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று இந்தச் சின்னதுதான் யோசித்திருக்கிறது. இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. தொட்டில் அவன் எத்தனையோ செய்திருக்கிறான். நாரைக் காலுக்குத் தூளி அவன் பார்த்ததே இல்லை. நேரான நாரைக்கால் தூளி எப்படி இருக்கும்? தெரியாது. அதனால் கோணலான தூளி எது என்றும் தெரியாது. கையைப் பார்த்தான். கை ஊறவே இல்லை.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான்.

தும்பைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவள் போட்ட அதிகாரம் இருக்கிறதே, ராணி தோற்றாள். அப்பாவின் தோளில் கிடந்த துண்டைக் கேட்டாள், கொடுத்தான். கரித்துண்டால் அதில் ஒரு கோடு இழுத்தாள். வெள்ளம் வந்த வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து போனது அந்தக் கோடு. கோட்டு மேலேயே கிழிக்க வேண்டும், தாண்டக் கூடாது என்றாள். வேம்பன் அரண்மனைக் கதவுக்குக்கூட அவ்வளவு கவனமாக வேலை பார்த்ததில்லை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். என்ன நூல் என்று கேட்டான். மஞ்சள் என்றாள். வெள்ளைத் துண்டுக்கு வெள்ளை நூல்தானே என்று ஒரு கணம் மனசுக்குள் எழுந்தது, மஞ்சளையே கோத்தான். பிடிங்க என்றால் பிடித்தான், விடுங்க என்றால் விட்டான். அன்றைக்கு அவன் தச்சன் இல்லை, பட்டறையில் மரத்தைப் பிடித்து வைக்கிற கிடுக்கி.

நடுநடுவே சந்தேகம் வந்தால் கேட்டான். இந்தக் கயிறு எதற்கு? அது அம்மா சிறகைத் தூக்கும்போது இடிக்காமல் இருக்க. இந்தப் பொத்தான்? அது சும்மா, அழகுக்கு. கேட்கக் கேட்க அவளுக்கும் புதிது புதிதாகத் தோன்றியது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, எங்கே பார்த்தாலும் முடிச்சு, நடுவில் ஒரு பொத்தான். பொழுது மேற்கே சாய்கிற நேரத்துக்குத் தூளி முடிந்தது.

ஏரிக்கரைக்குப் போனார்கள். ஊரே அங்கே கூடியிருந்தது. நாணல் பக்கமாக மூக்கில் துணி சுற்றிய மந்திரவாதியும் நின்றார். நாரைக் கூட்டம் சிறகை உதறிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தது. தும்பை முழங்கால் தண்ணீரில் இறங்கி, அம்மா என்று கூப்பிட்டாள். ஒரு நாரை மட்டும் திரும்பியது. கிட்டே வந்து கழுத்தைத் தாழ்த்தியது. தும்பை தூளியை மாட்டினாள்.

முடிச்சு அவிழ்ந்தது. தூளி நழுவிச் சேற்றில் விழுந்தது.

முதல் நாரை எழும்பியது. அடுத்தடுத்து எழும்பின. சூரியன் பாதி முழுகிவிட்டான். தும்பை சேற்றிலிருந்து கயிற்றை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, இந்த நுனியை அந்த நுனிக்குள் விடப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி விட்டாள். மறுபடி வழுக்கியது. கண் மூடித் திறப்பதற்குள் வேம்பன் அதைக் கட்டிவிடுவான். இரண்டே எட்டு வைத்தால் போதும். கை இப்போது ஊறவில்லை, எரிந்தது. அவன் அப்படியே மண்டியிட்டு இரண்டு கையையும் முழங்கை வரை சேற்றுக்குள் புதைத்துக்கொண்டான். கரையிலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள், இப்படிக் கட்டு, அப்படிச் சுற்று, டேய் வேம்பா நீ கட்டிவிடுடா என்று. அவன் தலையை மட்டும் திருப்பினான்.

"யாரும் வாயைத் திறக்காதீங்க. என் பொண்ணு கட்டிக்கிட்டிருக்கா."

கரை அடங்கியது. மேலே நாரைகள் வட்டமிட்டுக் கூப்பிட்டன. கீழே நின்ற நாரையும் சிறகை விரித்தது. வானத்தைப் பார்த்தது. குனிந்து, தன் கழுத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றோடு மல்லுக்கட்டுகிற பிள்ளையைப் பார்த்தது. விரித்த சிறகை அப்படியே வைத்துக்கொண்டு நின்றது. தும்பை ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று.

"ம், காலை வைங்கம்மா" என்றாள்.

நாரை ஒரு காலைத் தூக்கித் தூளியில் வைத்தது.

அடுத்த நொடி மருதாயி ஒரு காலைத் துண்டில் மாட்டிக்கொண்டு, ஒரு காலில் தள்ளாடித் தடாலென்று தண்ணீரில் உட்கார்ந்தாள். தும்பை அவள் மேலேயே விழுந்தாள். கொன்றையும் பூவரசனும் கரையிலிருந்து குதித்து ஓடினார்கள். மந்திரவாதி நாணலை விலக்கிக்கொண்டு வந்து அந்தத் தூளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், இது என்ன என்று தும்பையிடம் கேட்டார், பதிலை முழுசாகக் கேட்டார். அவர் கோபம் அதிலேயே போய்விட்டது.

மருதாயி பிள்ளைகளை வாரி அணைத்து அழுது முடித்துவிட்டு, கழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. யாராலும் முடியவில்லை. அப்படி ஒரு முடிச்சு. அப்போதுதான் வேம்பனைப் பார்த்தாள். அவன் இன்னும் சேற்றில் கையைப் புதைத்தபடியே மண்டியிட்டிருந்தான், எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"அந்த முடிச்சை நான் தொடலை மருதாயி. சத்தியமா தொடலை" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"தெரியுதுங்க. அதான் இவ்வளவு நல்லா இருக்கு" என்றாள் மருதாயி.

அவள் அந்தத் தூளியைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஊரே பின்னால் வந்தது. அடுத்த பங்குனியிலிருந்து ஏழேரி நாட்டில் பிள்ளைக் கொடைக்கு ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் வேலைக்கு உட்கார்ந்ததும் பெற்றவர்கள் ஏரிக்குப் போய்க் கையில் முழங்கை வரை சேறு பூசிக்கொண்டு வந்து, பக்கத்தில் குந்திக்கொள்வார்கள். கேட்டால் பிடிப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் ஒரே கேள்விதான், இது என்னம்மா, இது என்னப்பா. பதில் கேட்டு வாய் பிளந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிள்ளைகள் பக்கத்தில் விட்டுவிட்டுக் கதை நின்றது, நடந்து வந்த களைப்பில் நானும் இங்கே உட்கார்ந்துவிட்டேன்.